வீட்டைச் சூடாக்காத அடுப்பு!

வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டுக்குள்ளே அடுப்பு எரிகிறது. இரண்டு நெருப்புக்கும் நடுவே இல்லத்தரசி நின்றுகொண்டிருக்கிறாள்.

வெயில் அடிக்கும் எல்லா நாடுகளிலும் இந்தக் காட்சி உண்டு. கோடை வந்துவிட்டது என்பதற்காக வயிறு விடுமுறை எடுத்துக்கொள்வதில்லை. குடும்பம் மூன்று வேளையும் சாப்பிட்டாக வேண்டும்.

"சமையலும் நடக்க வேண்டும், வீடும் சூடாகக் கூடாது. இது ஆகிற காரியமா?" என்று கேட்கலாம்.

ஆகிற காரியந்தான்! அமெரிக்காவில் கோடிக்கணக்கான வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. காலையில் ஒரு பானையில் காய்கறியையும் இறைச்சியையும் போட்டு மூடுகிறார்கள். மின்சார விசையைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறார்கள். மாலையில் வந்து மூடியைத் திறந்தால், உணவு தயார்!

அந்தப் பானைக்கு "ஸ்லோ குக்கர்" என்று பெயர். நிதானமாகச் சமைப்பதால், தமிழில் அதை நிதானப் பானை என்று சொல்லலாம்.

அது பிறந்த கதை சுவையானது. அதைக் கையாளும் முறையிலோ, ஒவ்வொரு தாயும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது. வெயில் காலத்தில் அந்தப் பாடத்தை மறந்தால் உடம்புக்கு ஆபத்து.

சிகாகோவில் அனல்

அமெரிக்கா என்றால் பனி கொட்டும் நாடு என்று பலர் நினைக்கிறார்கள். குளிர் காலத்தில் அது சரி. கோடையில் அங்கேயும் வெயில் வாட்டி எடுக்கும்.

அமெரிக்காவின் பெரிய நகரங்களில் ஒன்று சிகாகோ. 1995-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி அங்கே வெப்பம் 106 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டது. சென்டிகிரேடு கணக்கில் இது 41 டிகிரி. காற்றில் ஈரம் வேறு. இரவிலும் வெக்கை தணியவில்லை.

அந்த அனலில் சிகாகோவில் 700-க்கும் அதிகமானோர் இறந்துபோனார்கள்!

இறந்தவர்களில் பெரும்பாலோர் வெயிலில் அலைந்தவர்கள் அல்லர். வீட்டுக்குள்ளேயே இருந்தவர்கள். முதியவர்கள், ஏழைகள், துணைக்கு ஆள் இல்லாமல் தனியே வாழ்ந்தவர்கள். செங்கல் கட்டிடங்களின் மேல் மாடிகள் சூளைபோல் கொதித்தன. திருட்டுக்குப் பயந்து பலர் ஜன்னலைத் திறக்கவில்லை. பல்லாயிரம் வீடுகளில் மின்சாரமும் நின்றுபோயிற்று.

வீட்டுக்குள் இருக்கும் வெப்பம் எவ்வளவு கொடியது என்பதை அந்த ஜூலை மாதம் எல்லோருக்கும் காட்டியது. அனல் வீசும் நாட்களில் அமெரிக்கச் சுகாதாரத் துறையினர் மக்களுக்குப் பல யோசனைகள் சொல்கிறார்கள். தண்ணீர் குடியுங்கள், நிழலில் இருங்கள், பக்கத்து வீட்டு முதியவரைப் போய்ப் பாருங்கள் என்கிறார்கள். அவற்றோடு இன்னொன்றும் சொல்கிறார்கள். அடுப்பைக் குறைவாக மூட்டுங்கள் என்பதுதான் அது.

ஆகவே, அடுக்களையின் வெக்கையைக் குறைப்பது சொகுசுக்காக மட்டும் அல்ல. வீட்டில் இருக்கும் கிழவருக்கும் கைக்குழந்தைக்கும் அது பாதுகாப்பு.

ஊர் ஊராக உபாயங்கள்

சமையல் வெக்கையை வீட்டை விட்டு விரட்ட மனிதன் பல காலமாக உபாயம் தேடியிருக்கிறான்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், வசதி உள்ளவர்கள் சமையலறையை வீட்டோடு சேர்க்காமல் தனியாகக் கட்டினார்கள். சில பகுதிகளில் கோடைக்கு என்றே கொல்லைப்புறத்தில் ஒரு சமையல் கொட்டகை இருந்தது. ஆனி ஆடி வெயிலில் அடுப்பு அங்கே போய்விடும். வீடு தப்பித்தது. ஆனால் அடுப்படியில் நின்றவர்கள் தப்பிக்கவில்லை. அவர்களில் பலர் அந்தக் காலத்தில் அடிமைகளாக இருந்த கறுப்பு மக்கள்.

வட ஆப்பிரிக்காவில் மொராக்கோ என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கே மாரகெஷ் நகரத்தில் இன்றும் வேறொரு வழக்கம் உண்டு. நீண்ட கழுத்துள்ள மண் ஜாடியில் இறைச்சி, பூண்டு, சீரகம், ஊறவைத்த எலுமிச்சை எல்லாம் போட்டு, வாயைக் காகிதத்தால் கட்டுகிறார்கள். ஜாடியைத் தூக்கிக்கொண்டு பொதுக் குளியல் கூடத்துக்குப் போகிறார்கள். குளிப்பதற்கு அல்ல!

குளியல் கூடத்தில் வெந்நீர் போட ஓர் உலை எரிந்துகொண்டே இருக்கும். அந்த உலையின் சாம்பல் தணலில் ஜாடியைப் புதைத்துவிடுகிறார்கள். பல மணி நேரம் கழித்து எடுத்தால் இறைச்சி பஞ்சாக வெந்திருக்கும். இந்த உணவுக்குத் "தஞ்சியா" என்று பெயர். பெரும்பாலும் ஆண்களே செய்யும் சமையல் இது. வீட்டில் அடுப்பே மூட்ட வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் ஒருவர் இதைப்பற்றி யோசித்தார். கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் இந்துமாதவ் மல்லிக் என்பவர் 1910-ம் ஆண்டில் "இக்மிக் குக்கர்" என்ற அடுக்குப் பாத்திரத்தைக் கண்டுபிடித்தார். அடியில் கொஞ்சம் கரித் தணல். மேலே அடுக்கடுக்காகச் சோறு, பருப்பு, காய்கறி. நீராவியிலேயே எல்லாம் மெதுவாக வெந்துவிடும். பக்கத்தில் ஆள் நின்று கிளற வேண்டியதில்லை.

இந்த உபாயங்கள் எல்லாவற்றிலும் ஒரே சூட்சுமந்தான் இருக்கிறது. பெரிய நெருப்பு வேண்டாம், சிறிய வெப்பமும் நீண்ட நேரமும் போதும் என்பதே அது.

வெள்ளிக்கிழமைப் பானை

இனி நிதானப் பானையின் கதைக்கு வருவோம். அது ஐரோப்பாவில், லிதுவேனியா நாட்டில் தொடங்குகிறது.

யூத மக்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது அது தொடங்கும். சனிக்கிழமை இரவில் முடியும். அந்த நேரத்தில் வேலை செய்யக் கூடாது. நெருப்பு மூட்டக் கூடாது. சமைக்கவும் கூடாது. இது அவர்கள் சமயச் சட்டம்.

ஆனால் ஓய்வு நாளில் சூடான சாப்பாடு வேண்டுமே, என்ன செய்வது?

பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெள்ளிக்கிழமை பகலிலேயே ஒரு பானையில் மொச்சை போன்ற பயறு, பார்லி, உருளைக்கிழங்கு, வெங்காயம், இறைச்சி எல்லாம் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினார்கள். அதை ஊர் ரொட்டிக் கடைக்குக் கொடுத்து அனுப்பினார்கள்.

வாரம் முழுவதும் எரிந்த ரொட்டி அடுப்பில் அன்று மாலை நெருப்பு அணைந்துவிடும். ஆனாலும் சூடு உடனே போய்விடாது. தடித்த செங்கல் சுவர்கள் அந்தச் சூட்டை இரவு முழுவதும் பிடித்து வைத்திருக்கும். அந்தச் சூட்டிலேயே பானை மெல்ல மெல்ல வேகும். சனிக்கிழமை பகலில் பானையை எடுத்து வந்தால், ஆவி பறக்கும் உணவு! சட்டமும் மீறப்படவில்லை, வயிறும் காயவில்லை. இந்த உணவுக்குச் "சோலன்ட்" என்று பெயர்.

லிதுவேனியாவில் ஒரு சிறுமி வெள்ளிக்கிழமைதோறும் இந்தப் பானையைச் சுமந்துகொண்டு ரொட்டிக் கடைக்குப் போவாள். அவளுடைய தாயார்தான் அனுப்புவார். அந்தச் சிறுமியின் பெயர் தமாரா. அவள் வளர்ந்து அமெரிக்காவில் குடியேறினாள். அங்கே அவளுக்கு ஒரு மகன் பிறந்தான்.

தாய் சொன்ன கதை

மகனின் பெயர் இர்விங். 1902-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி நகரில் பிறந்தவர். மின்சாரப் பொறியியலை அஞ்சல் வழியாகவே படித்தார். சிகாகோவில் "வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்" என்ற பெரிய கம்பெனியில் பொறியாளர் ஆனார்.

அவருக்கு எதைப் பார்த்தாலும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும். கண்டுபிடிப்புகளுக்கு உரிமைப் பத்திரம் வாங்க வக்கீலுக்குப் பணம் கொடுக்க வேண்டுமல்லவா? அந்தச் செலவை மிச்சப்படுத்த, அதற்கான தேர்வைத் தாமே எழுதித் தேறினார்! தெருவோரப் பலகையில் செய்திகள் விளக்கு எழுத்துகளாக ஓடுமே, அந்த மாதிரிப் பலகை ஒன்றும் அவர் செய்தவற்றில் சேர்ந்தது.

தாயார் தமது சின்ன வயதுக் கதையை மகனிடம் சொன்னார். ரொட்டிக் கடை, ஆறிக்கொண்டே வரும் அடுப்பு, விடிய விடிய வேகும் பானை எல்லாவற்றையும் சொன்னார்.

மகன் யோசித்தார். சிகாகோவின் கோடையில் பெட்டி அடுப்பை மூட்டினால் வீடு முழுவதும் வெந்துபோகும். அடுப்பை மூட்டாமலே சமைக்க ஒரு வழி வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். தாயின் கதையில் வழி கிடைத்துவிட்டது!

ரொட்டி அடுப்பின் செங்கல் சுவருக்குப் பதில், மண்ணால் சுட்ட தடித்த பானை. மிஞ்சிய நெருப்புக்குப் பதில், பானையைச் சுற்றி மெல்லிய மின்சாரக் கம்பி. வெளியே ஓர் உறை, மேலே ஒரு மூடி. எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். மின்சாரத்தில் செருகினால் போதும்.

1936-ம் ஆண்டு மே மாதம் உரிமைப் பத்திரத்துக்கு விண்ணப்பம் போட்டார். 1940-ம் ஆண்டு ஜனவரி மாதம் அது கிடைத்தது. அவருடைய குடும்பப் பெயர் நாக்கும்சோன். 1945-ல் அதை நாக்ஸன் என்று சுருக்கிக்கொண்டார். பானையும் "நாக்ஸன் பீனரி" என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. பயறு வேகவைக்கும் பாத்திரம் என்பது அந்தப் பெயரின் பொருள்.

மூலையில் கிடந்த பானை

கண்டுபிடித்ததும் உலகமே ஓடி வந்து வாங்கியதா? இல்லை.

பல ஆண்டுகள் அது பயறு வேகவைக்கும் பாத்திரமாகவே இருந்தது. வேறு எதற்கும் அது உதவும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1970-ம் ஆண்டில் நாக்ஸன் ஓய்வு பெற விரும்பித் தம் தொழிலை "ரைவல்" என்ற கம்பெனிக்கு விற்றார். மற்றச் சரக்குகளோடு இந்தப் பானையும் போயிற்று. புதிய முதலாளிகளும் முதலில் அதைப் பெரிதாக எண்ணவில்லை.

கம்பெனியில் சமையல் கலை படித்த பெண்மணி ஒருவர் இருந்தார். "இதில் வேறு என்ன செய்யலாம் என்று பாருங்கள்" என்று அவரிடம் பானையைக் கொடுத்தார்கள். அவர் இறைச்சி வேகவைத்துப் பார்த்தார். கோழி வேகவைத்துப் பார்த்தார். குழம்பு, சூப்பு எல்லாம் செய்து பார்த்தார். எல்லாம் நன்றாகவே வந்தன!

1971-ம் ஆண்டில் "கிராக் பாட்" என்ற புதுப் பெயரோடு பானை மறுபடியும் கடைக்கு வந்தது. விலை சுமார் 25 டாலர். அந்த ஆண்டில் 20 லட்சம் டாலருக்கு விற்பனை ஆயிற்று. 1975-ம் ஆண்டிலோ விற்பனை 9 கோடியே 30 லட்சம் டாலர்!

இடையில் 1974-ம் ஆண்டில், உள்ளே இருக்கும் மண்பானையைத் தனியே கழற்றிக் கழுவும்படி செய்தார்கள். அதுவும் பெண்களுக்குப் பிடித்துவிட்டது.

ஆனால் பெரிய காரணம் வேறு. அந்த ஆண்டுகளில் அமெரிக்கப் பெண்கள் திரள் திரளாக வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். 1970-ம் ஆண்டில் 100 பெண்களுக்கு 43 பேர் சம்பள வேலையில் இருந்தார்கள், அல்லது வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்தாலும், அடுப்படி வேலை அவர்கள் தலையில்தான் விழுந்தது. சமைப்பவர் வெளியே போயிருக்கும்போதே சமைக்கும் பானை என்று விளம்பரம் வந்தால் வாங்காமல் இருப்பார்களா?

நாக்ஸன் 1989-ம் ஆண்டு காலமானார். அதற்குள் அவர் தாயின் வெள்ளிக்கிழமைப் பானை ஊரெல்லாம் பரவிவிட்டது.

வெக்கை ஏன் குறைகிறது?

சாதாரண அடுப்பில் நெருப்பு பாத்திரத்தின் அடியை மட்டும் தாக்குகிறது. வெப்பத்தில் ஒரு பகுதிதான் பாத்திரத்துக்குள் போகிறது. மிச்சம் பக்கவாட்டில் வழிந்து அறைக்குள் பரவுகிறது. கொதிக்கும் குழம்பின் ஆவியும் அறையை நிறைக்கிறது. அந்த ஈரக் காற்றில் வியர்வை உலர்வதில்லை. அதனால்தான் அடுப்படியில் அவ்வளவு புழுக்கம்.

நிதானப் பானையில் வெப்பம் சுற்றிலும் இருந்து மெதுவாக உள்ளே போகிறது. மூடி இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது. எழும் ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி மறுபடியும் பானைக்குள்ளேயே விழுகிறது.

மின்சாரக் கணக்கைப் பாருங்கள். மின்சாரப் பெட்டி அடுப்பு 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும். நிதானப் பானை பெரும்பாலும் 100 முதல் 300 வாட் வரைதான். 150 வாட் பானை எட்டு மணி நேரம் வேலை செய்தால் ஒன்றேகால் யூனிட்டுக்கும் சற்றுக் குறைவாகவே செலவாகும். பெட்டி அடுப்பு ஒரு மணி நேரத்தில் இரண்டு யூனிட் தின்றுவிடும்.

நிதானப் பானையின் சூடும் கடைசியில் அறைக்குள் வரத்தான் செய்யும். ஆனால் அது ஒரே மணி நேரத்தில் பொங்கி வராமல், எட்டு மணி நேரத்தில் சிறுகச் சிறுக வரும். நடுப்பகலில் அதன் எதிரே யாரும் நிற்க வேண்டியதும் இல்லை.

வெயில் அதிகமானால் அமெரிக்கர்கள் பானையைப் பின்புறத் தாழ்வாரத்துக்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். மழைச் சாரல் படாத இடமாகவும், குழந்தைகள் கைக்கு எட்டாத இடமாகவும் இருந்தால் சரி.

ஒரு நாள் சமையல்

நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு நான்கு அல்லது ஐந்து லிட்டர் பானை போதும்.

அரைக் கிலோ உருளைக்கிழங்கு, கால் கிலோ கேரட் இரண்டையும் துண்டு போட்டு அடியில் பரப்ப வேண்டும். கிழங்கு வகைகள் இறைச்சியைவிட மெதுவாக வேகும் என்பதால் அவை அடியில் இருக்க வேண்டும். அதன்மேல் ஒரு கிலோ கோழித் துண்டுகள். இரண்டு வெங்காயம், மூன்று தக்காளி, உப்பு, காரம், மசாலா. ஒரு கப் தண்ணீர் போதும். ஆவி வெளியே போகாததால் வழக்கமான அளவு தண்ணீர் ஊற்றினால் குழம்பு நீர்த்துப் போகும்.

குறைந்த சூட்டில் 6 முதல் 8 மணி நேரம். கூடுதல் சூட்டில் 3 அல்லது 4 மணி நேரம். பாலோ தயிரோ சேர்ப்பதானால் கடைசி அரை மணியில் சேர்க்க வேண்டும். முன்னதாகச் சேர்த்தால் திரிந்துவிடும்.

விலை மலிந்த, கடினமான இறைச்சிக்கு இந்தப் பானை நல்ல தோழன். கெட்டியான நார் மெல்லிய சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் இளகிக் கூழாகிவிடும். ஆட்டுக்கால், நெஞ்செலும்பு போன்றவை இதில் அருமையாக வரும். ஆனால் உதிரி உதிரியான சோறு வேண்டுமானால் இதில் வைக்கக் கூடாது. குழைந்துவிடும்.

பானையைப் பாதிக்குக் குறையாமலும் முக்கால் பாகத்துக்கு மேற்படாமலும் நிரப்ப வேண்டும். மூடியை அடிக்கடி திறந்து பார்க்கவே கூடாது. ஒரு முறை திறந்தால், போன சூடு திரும்பிவர 20 நிமிடமோ அரை மணியோ ஆகும். ஆசைக்குத் திறந்து பார்ப்பவர்கள் பசியோடு காத்திருக்க வேண்டியதுதான்!

கிருமிகளின் நேரம்

இப்போது அந்தப் பாடத்துக்கு வருவோம்.

உணவைக் கெடுக்கும் கிருமிகளுக்கு மிகப் பிடித்த சூடு ஒன்று உண்டு. அது 4 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ். இந்த இடைவெளியில் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். சில மணி நேரத்தில் ஆயிரம் ஆயிரமாகிவிடும்.

நிதானப் பானை நிதானமாகவே சூடாகிறது. ஆகவே 60 டிகிரியைச் சீக்கிரம் தாண்ட நாம்தான் உதவ வேண்டும். அதற்கு வழிகள் இருக்கின்றன.

பனிக்கட்டியாக உறைந்த இறைச்சியை அப்படியே போடக் கூடாது. குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து முழுவதும் இளகச் செய்த பிறகே போட வேண்டும். நறுக்கிய இறைச்சியைச் சமையல் மேடையில் காத்திருக்க வைக்கக் கூடாது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்ததும் நேரே பானைக்குப் போக வேண்டும். முடிந்தால் முதல் ஒரு மணி நேரம் கூடுதல் சூட்டில் வைத்துப் பிறகு குறைக்கலாம்.

ஐந்து பயறு போதும்!

சிவப்பு ராஜ்மா பயறில் இயற்கையாகவே ஒரு நஞ்சு இருக்கிறது. நன்றாகக் கொதிக்கவைத்தால் அது அழிந்துவிடும். அரைவேக்காட்டில் அழியாது. குறைந்த சூட்டில் கிடந்தால் நஞ்சின் வேகம் கூடவும் கூடும்! வேகாத பயறு நான்கைந்து தின்றாலே போதும். ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் குமட்டலும் வாந்தியும் வந்துவிடும்.

ஆகவே ராஜ்மாவை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீரில் போட்டுச் சாதாரண அடுப்பில் குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் அரை மணி நேரம், தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். அதன் பிறகே நிதானப் பானையில் போட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது.

மின்சாரம் நின்றால்?

கோடை காலத்தில்தான் மின்தடையும் அதிகம். நாம் வெளியே போயிருந்தபோது மின்சாரம் நின்று, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால், பானையில் இருப்பதைக் கொட்டிவிட வேண்டும். வெந்ததுபோல் தெரிந்தாலும் நம்பக் கூடாது. மனம் கேட்காதுதான். ஆனால் ஒரு வேளை உணவைவிட ஒரு குழந்தையின் உடம்பு பெரியது.

நாம் வீட்டில் இருக்கும்போதே மின்சாரம் நின்றால் கவலை இல்லை. உடனே பாத்திரத்தை மாற்றி கேஸ் அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடலாம்.

நம் ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. மின்சாரம் இருக்கும், ஆனால் அழுத்தம் குறைந்து விளக்கு மங்கி எரியும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வோல்ட் வந்தால், பானையின் சூடு 100-க்கு 61 பங்காகக் குறைந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் இறைச்சியை இந்தப் பானையில் வைக்காமல் இருப்பதே நல்லது.

அமெரிக்காவிலிருந்து உறவினர் பானை கொண்டுவந்து கொடுத்தால், அடியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்க வேண்டும். அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அந்தப் பானையை நம் ஊர் மின்சாரத்தில் நேராகச் செருகினால் மூன்றரை மடங்குக்கும் அதிகமான சூடு பாயும். பானை எரிந்தேபோகும்.

பழமொழி தலைகீழ்!

"ஆக்கப் பொறுத்தவர்க்கு ஆறப் பொறுக்காதா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். நிதானப் பானை விஷயத்தில் இந்தப் பழமொழியைத் திருப்பிப் போட வேண்டும். ஆக்குவதற்கு எட்டு மணி நேரம் பொறுக்கலாம். ஆறுவதற்குத்தான் பொறுக்கக் கூடாது!

சமைத்து இறக்கிய உணவு சாதாரண நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரந்தான் கெடு. நம் ஊர்களில் கோடை முழுவதும் அப்படிப்பட்ட நாட்கள்தானே!

மிச்சத்தைப் பானையோடு குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது. தடித்த பானை உள்ளே வெகு நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கிருமிகளுக்குக் கொண்டாட்டம். ஆழமில்லாத சின்னச் சின்னப் பாத்திரங்களில் பிரித்து வைத்தால் சீக்கிரம் குளிரும். மறுநாள் சூடாக்கும்போது நிதானப் பானை உதவாது. அடுப்பில் வைத்து, நன்றாகக் கொதித்த பிறகே பரிமாற வேண்டும்.

இவ்வளவையும் நினைவில் வைத்துக்கொண்டால், கோடையில் வீடும் குளிர்ந்திருக்கும், குடும்பமும் நலமாக இருக்கும். அடுப்பின் எதிரே வியர்வை வழிய நின்ற நேரத்தில் இல்லத்தரசி சற்றுக் காலை நீட்டி உட்காரலாம். பானை அதுபாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும்.